உன் கடைக் கண்ணாடியில் ஒட்ட எழுதியது

சரவணா,

திறப்பு விழா அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. அட்டை நல்ல தடிமன். கரண்ட் போனால் விசிறிக்கொள்ளலாம். மேலே பிள்ளையார், நடுவில் தி.நகர்க் கிளையின் படம், அதற்குக் கீழே 'உங்கள் ஆரோக்கியமே எங்கள் மூச்சு' என்று ஒரு வரி. அதற்கும் கீழே, குத்துவிளக்கு ஏற்றுபவர் எங்கள் அன்னையார் என்று என்னைப் போட்டிருக்கிறாய். யாரைக் கேட்டுப் போட்டாய்? அடையாறு கடையில் நீ பண்ணின காரியத்துக்கு இன்னும் ஒருத்தருக்கும் வாயைத் திறந்து பதில் சொல்லவில்லை, அதற்குள் உனக்கு இரண்டாவது கடை, அதற்கு நான் விளக்கு. இன்றைக்கு இருக்கிற ஆத்திரத்தில் என் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தால் எதைக் கொளுத்துவேன் என்று எனக்கே தெரியாது. பார்த்துக்கொள்.

உன்னிடம் பேசிப் பார்த்தாகிவிட்டது. போன் பண்ணினால் "கஸ்டமர் நிக்கிறாங்கம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. நேரில் வந்தால் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறாய், சாத்துக்குடி ஜூஸ் வரவழைக்கிறாய், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க அம்மா, எனக்கே டீச்சர்" என்று பல்லைக் காட்டி என் வாயை அடைத்து அனுப்பிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. நாளைக் காலை நீ வருவதற்கு முன்னால், என்னிடம் இருக்கிற மாற்றுச் சாவியால் உன் அடையாறு கடை ஷட்டரைத் தூக்கி, கண்ணாடியின் வெளிப்பக்கம் இதை ஒட்டப்போகிறேன். கிழிப்பாய், தெரியும். கிழித்தால் இன்னொன்று ஒட்டுவேன். ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். தெருவில் போகிற ஆட்களும் படிக்கவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொண்டு படி. உன் பொய்யை நான் பொறுத்ததைவிட இது ஒன்றும் கஷ்டமில்லை.

நான் பாளையங்கோட்டையில் பார்மசி டிப்ளமோ படித்தவள். கல்யாணமாகி சைதாப்பேட்டைக்கு வந்து, மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் உன் அப்பாவோடு சேர்ந்து மெடிக்கல் ஷாப் போட்டேன். உன் அப்பா வீட்டார் நாங்குநேரிப் பக்கம். துணி, பாத்திரம், மளிகை என்று எதையாவது கடை வைத்துப் பிழைக்கிற குடும்பம். உன் பெரியப்பாவுக்கு தி.நகரில் பிளாஸ்டிக் சாமான் கடை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டிக் கிடந்தபோது, உள்ளே எங்கோ வயர் உருகித் தீப்பிடித்து ஒரு குடம் மிச்சமில்லாமல் எரிந்துபோனது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் கடை சாத்தினாலும் முதலில் மெயின் சுவிட்சை இறக்குவார்கள். அப்புறம் ஷட்டர், அப்புறம் பூட்டு, பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சாமி கும்பிட மறந்தாலும் மறப்பார்கள், மெயினை இறக்க மறக்க மாட்டார்கள்.

நம் கடை திறந்த முதல் நாளே இதில் சண்டை. சாத்துகிற நேரம் உன் அப்பாவின் கை மெயினுக்குப் போனது, நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஏளா, கைய எடு. கரண்ட ஓட விட்டுட்டுப் போனா நான் எப்படித் தூங்குவேன்?"

"உள்ள ஃபிரிட்ஜ்ல இன்சுலின் இருக்கு. நீங்க இன்னைக்குத் தூங்கலன்னா நாளைக்குத் தூங்கிக்கலாம். மருந்து ஒரு தடவ கெட்டா கெட்டதுதான்."

"கதவு மூடித்தானளா இருக்கு. குளிரு எங்க போயிரும்?"

"உங்க அண்ணன் கடையும் பூட்டித்தான இருந்துச்சு. தீ எப்படி உள்ள போச்சு?"

அந்த மனுஷன் விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனியாக ஒரு லைன் இழுத்து, அதற்குத் தனி சுவிட்ச் போடவைத்தேன். மெயின் இறங்கினாலும் ஃபிரிட்ஜ் ஓடும். சுவரில் குறுக்கே வயர் போனது, பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. வருகிற மருந்துக் கம்பெனி ஆட்கள்கூடக் கேலி செய்தார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் பால் திரிந்தால் கண்ணுக்குத் தெரியும், மீன் கெட்டால் மூக்குக்குத் தெரியும். இன்சுலின் சூட்டில் கிடந்து கெட்டால் அநேகமாக ஒன்றுமே தெரியாது. அதே தண்ணீர், அதே புட்டி, அதே தேதி, வீரியம் மட்டும் குறைந்திருக்கும். போட்டுக்கொள்கிறவர் உடம்புதான் அதைச் சொல்லும், அதுவும் சாவகாசமாகச் சொல்லும்.

இதையெல்லாம் நீ பார்த்து வளர்ந்தாய். தூங்கும்போதுகூட உன் காதில் ஓதினேன். மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது தேதி அச்சடித்த மூலையைக் கடைசியில் கொடு, அதை முதலில் வெட்டினால் மிச்ச மாத்திரைக்கு வயசு தெரியாது என்று சொன்னேன். கவுண்டரைத் தாண்டிப் போன மருந்து எந்த ராஜா வீட்டிலிருந்து வந்தாலும் திரும்ப அலமாரிக்கு ஏறக்கூடாது என்று சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா, நீ காலேஜில் சேர்ந்த புதிதில், பின் தெரு டீச்சரம்மா புருஷன் இறந்துபோய், மிச்ச மருந்தையெல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். எடுத்துக்கொள்ள முடியாதும்மா என்றேன். அழுதாள். நானும் அழாத குறைதான், ஆனாலும் முடியாது என்றேன். தெருவே என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றது. நீ என்ன செய்தாய்? முனையில் போய் அவளை நிறுத்தி, "ஆன்ட்டி, அம்மா அப்படித்தான், நீங்க என்கிட்ட குடுங்க" என்று வாங்கிவந்து, எனக்குத் தெரியாமல் அலமாரியில் அடுக்கிவைத்தாய். நான் கண்டுபிடித்து மொத்தத்தையும் வாரிக் கொட்டியபோது, "பாவம்மா அவங்க" என்று எனக்கே தர்மம் சொன்னாய். அந்த மருந்து அந்த வீட்டு ஜன்னலில் வெயிலில் காய்ந்ததா, ஈரத்தில் கிடந்ததா, யார் கண்டது? அதை வாங்கிச் சாப்பிடப்போகிறவன் பாவமில்லையா?

அன்றைக்கே எனக்கு உன்னைப் புரிந்திருக்க வேண்டும். நீ திருடன் இல்லை, பேராசைக்காரன்கூட இல்லை. உன் வியாதி வேறு. உனக்கு எல்லாரிடமும் நல்ல பேர் வேண்டும். எதிரில் நிற்கிற ஆள் முகம் சுருங்கினால் உனக்குத் தாங்காது. அந்த முகத்தை மலர வைக்க எதையும் கொடுப்பாய், எதையும் மறைப்பாய். மருந்துக் கடைக்காரனுக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது. முடியாது என்று சொல்லத் தெரியாதவன் மிட்டாய்க் கடை வைக்கவேண்டும்.

அடையாறில் கடை போட்டாய். கண்ணாடிக் கதவு, பொய்க்கூரை, குழிவிளக்கு, ஏசி. நகைக்கடைக்குள் வந்துவிட்டோமோ என்று உன் அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். நானும் பூரித்துத்தான் போனேன், இல்லையென்று சொல்லவில்லை. பூரிப்பில் நான் செய்த முதல் காரியம், கன்னியம்மாவை உன்னிடம் அனுப்பியது. கன்னியம்மா ஊரூர் குப்பத்துக்காரி, மீன் விற்கிறவள். முன்னே சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கூடை வைத்திருந்தபோதிலிருந்து என்னிடம்தான் இன்சுலின் வாங்குவாள். குப்பத்துப் பக்கமே கடை மாற்றிக்கொண்ட பிறகும் பஸ் ஏறி என்னிடம் வருவாள். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போவாள். ஐஸில் பட்டு உறைந்தாலும் கெட்டுவிடும் என்று ஒருமுறை சொன்னேன். அதிலிருந்து துணி சுற்றித்தான் வைப்பாள். "எதுக்கு இவ்வளவு தூரம் அலையுத? உன் வீட்டுப் பக்கத்துல என் மவன் கடை போட்டிருக்கான், அவன் பெரிய படிப்பு, அங்க வாங்கிக்கோ" என்று அனுப்பினேன். என் வாயால் அனுப்பினேன்.

கொஞ்ச காலம் கழித்து ஏதோ வேலையாகச் சைதாப்பேட்டைக்கு வந்தவள் கடையில் வந்து உட்கார்ந்து ஒரு பாட்டம் புலம்பினாள். "இன்னாம்மா இது அநியாயமா கீது. துன்னாலும் சுகர் ஏறுது, துன்னாட்டியும் ஏறுது. டாக்டரு ஊசிய ஏத்திக்கினே போறாரு. உம் புள்ள என்னாண்ட வாய கட்டு, வாய கட்டுன்னுது. என் மருமவ சக்கர டப்பாவ பீரோல வச்சுப் பூட்டிக்கினா. நான் இன்னா திருடியா?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொய் சொல்லாத, ஒரு நாளைக்கு எத்தன டீ குடிக்க?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். உன் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என் மகன் கடையில் மருந்து கெட்டுப்போகும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அப்புறம் பெசன்ட் நகரில் ஒரு வளைகாப்புக்கு வந்தவள், உனக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கேரியரோடு, நீ கடை திறக்கிற நேரத்துக்கு வந்து நின்றேன். நீ ஷட்டரைத் தூக்கினாய். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாய். உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் கையை விட்டு மெயினைத் தூக்கினாய். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது, ஏசி ஒரு சத்தம் போட்டது, மூலையில் ஃபிரிட்ஜ் 'களுக்' என்று ஒரு உதறு உதறிவிட்டு ஓட ஆரம்பித்தது. கேரியரைக் கவுண்டரில் வைத்துவிட்டு ஃபிரிட்ஜின் வயர் எங்கே போகிறது என்று தேடினேன்.

"சரவணா, ஃபிரிட்ஜுக்குத் தனி லைன் எங்கலே?"

"தனி லைன்லாம் இல்லம்மா. இன்டீரியர் பண்ணவன் எல்லாத்தையும் ஒரே மெயின்ல குடுத்துட்டான். தனியா இழுத்தா வயர் வெளிய தெரியும், லுக் போயிடும்னான்."

"அப்ப தெனமும் ராத்திரி?"

"மெயின இறக்காம பூட்டினா எனக்குக் கை நடுங்குதும்மா. அப்பா பழக்கினது. காலைல வந்ததும் போட்டுடறேன்ல? நடுவுல கதவையே திறக்க மாட்டோம், கூலிங் அப்படியே நிக்கும்."

அப்படியே நிற்கும்! உன் அப்பா பத்தாம் கிளாஸ் தாண்டாதவர், அவர் கேட்ட அதே கேள்வியை நீ பி.பார்ம் முடித்துவிட்டுப் பதிலாகச் சொல்கிறாய். ஃபிரீசரைத் திறந்து உள்ளே இருந்த ஐஸ் பையைத் தொட்டேன், கொழகொழவென்று இருந்தது. கண்ணாடியும் பொய்க்கூரையும் போட்டு அடைத்த கடை, ஏசியும் நின்றால் மெட்ராஸ் வெயிலின் சூடு ராத்திரி முழுக்க உள்ளேயே வேகும். கடை திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் அந்த மருந்து வெந்து, ஒவ்வொரு காலையும் குளிர்ந்து, உன் கையால் விற்பனையாகியிருக்கிறது. இரண்டிலிருந்து எட்டு டிகிரி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவன் நீதானே? அதைப் பேப்பரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாயா?

அன்றைக்கு நீ செய்தது எல்லாம் சரி, அதையும் எழுதிவிடுகிறேன். ஃபிரிட்ஜில் இருந்ததையெல்லாம் விற்காமல் தனியாகக் கட்டி ஒதுக்கிவைத்தாய். மத்தியானத்துக்குள் தனி லைன் இழுத்தாய், தெர்மாமீட்டர் மாட்டினாய், புதுச் சரக்கு வாங்கி அடுக்கினாய். கிளம்பும்போது நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "இன்சுலின் வாங்கிட்டுப் போன எல்லார்ட்டயும் இன்னைக்கே சொல்லணும். புது மருந்து முழு வீரியத்தோட இருக்கு. செத்த மருந்துக்குத் தக்கன டாக்டர் அளவ ஏத்தி வச்சிருப்பாரு. அந்த அளவ இந்த மருந்துல போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கி ஆள் சாஞ்சிரும். டாக்டரப் பாத்து அளவ சரி பண்ணிக்கிடணும். புரியுதா?" என்றேன். "சொல்லிடறேன்மா, நீ கவலப்படாத" என்றாய். நான் கவலைப்படாமல் வளைகாப்புக்குப் போய் வளையல் போட்டுக்கொண்டு வந்தேன்.

நீ ஒருத்தருக்கும் சொல்லவில்லை. புது மருந்தை எடுத்துப் பையில் போட்டு, வழக்கம்போலச் சிரித்து, வழக்கம்போல "வாய கட்டுங்க" என்று சொல்லி அனுப்பினாய். குதிரை கீழே தள்ளினது பத்தாதென்று குழியும் பறித்ததாம். கெட்ட மருந்தால் அவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. நல்ல மருந்தைக் கொடுத்து வாயை மூடிக்கொண்டாயே, அதில்தான் உயிருக்கே ஆபத்து வந்தது.

கன்னியம்மா அந்தப் புது மருந்தை ஏறின அளவிலேயே காலையில் போட்டுக்கொண்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, மீன் கடைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, மீனை எடுத்துத் தராசில் வைக்கத் தெரியாமல் தரையில் வைத்திருக்கிறாள். வாங்க வந்தவர்கள் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார்களாம். யாரோ போனில் படம்கூட எடுத்தார்களாம். அப்படியே மீன் மேலேயே சரிந்திருக்கிறாள். பக்கத்துக் கடைக்காரிதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று அங்கே சொன்னார்கள்.

அவள் மருமகள் சைதாப்பேட்டை நம்பருக்குப் போன் பண்ணித்தான் எனக்குத் தெரியும். ஓடினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பை நிறைய ஆப்பிள். கன்னியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள்: "உம் புள்ள தங்கம்மா. நியூஸ் கேட்டதும் ஓடியாந்துச்சு, பழம் வாங்கினு வந்துச்சு. நான்தான் கண்ணு தெரியாம ஊசில அளவு கூட இஸ்துகினேன் போல. ஆமாம்மா, பாத்துப் போடணும்னு அதுவும் சொல்லிச்சு."

இதைக் கேட்கவா உன்னைப் பெற்றேன், சரவணா? நீ அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாய். தப்பு தன்னுடையது என்று அவள் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு, பார்த்துப் போடுங்கள் என்று புத்தியும் சொல்லியிருக்கிறாய். அந்த இடத்தில் உண்மையைச் சொல்வதற்கு உனக்கு வாய் வரவில்லை, பழம் வாங்கிக் கொடுக்கக் கை வந்திருக்கிறது.

நான் சொன்னேன். மெயினை இறக்கினதிலிருந்து எல்லாவற்றையும், அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மீன் கடையில் அவள் வாய் எப்படி என்று எனக்குத் தெரியும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மருமகளைப் பார்த்து, "ஏய், கேட்டுக்கினியா? நான் ஒண்ணும் திருட்டுத்தனமா துன்னல" என்றாள். அப்புறம் என்னிடம், "நல்லா சத்தமா சொல்லும்மா. அந்தாண்ட பெட்டுக்காரிக்கும் கேக்கட்டும், நான் திருடித் துன்றேன்னு அவளாண்டயும் இவ சொல்லிக்கினு இருந்தா" என்றாள். நான் எழுந்து நின்று அந்த வார்டுக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன். அந்த மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியம்மா ஆப்பிள் பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது தெரிஞ்சிகினேவா இத்த வாங்கியாந்துச்சு?" என்று கேட்டாள். அதற்குப் பதிலை நீ போய்ச் சொல்லு.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உன் கடைக்குத்தான் வந்தேன். கஸ்டமர் இருக்கிறார்கள் என்று கண்ணைக் காட்டினாய், பின்னால் இருக்கிற அறைக்குக் கூட்டிப்போனாய். "சொல்லணும்னுதான்மா இருந்தேன். இப்ப சொன்னா கடைய போட்டோ எடுத்து நெட்ல போட்டுக் கிழிச்சுடுவாங்க. தி.நகர் திறப்பு முடியட்டும், அப்புறம் ஒவ்வொருத்தரா பக்குவமா சொல்லிக்கலாம்" என்றாய். அதற்குள் இன்னொருத்தர் சாய்ந்தால் என்று கேட்டேன். "ஓவரா பண்ணாதம்மா, எல்லாரும் கன்னியம்மா மாதிரியா? ஒண்ணும் ஆகாது" என்றாய். ஒன்றும் ஆகாது! இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்காரன் எத்தனை பேரைக் கொல்லலாம் தெரியுமா? ஆட்கள் நம்பர் இல்லை என்றும் சொல்லிவிடாதே. பொங்கல் வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, தள்ளுபடி என்று உன் கடையிலிருந்து போகாத மெசேஜ் இல்லை. தி.நகர் திறப்பு விழாவுக்கு எல்லாரையும் வரச்சொல்லி மெசேஜ் போய்விட்டது. இந்த ஒரு செய்தியை அனுப்பத்தான் உன் போனில் விரல் போகவில்லை.

உன் அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே, "ஏளா, பெத்த புள்ளய ஊர் முன்னால நிப்பாட்டுவாளா ஒருத்தி?" என்றார். நான்தான் நிப்பாட்டுவேன், வேறு யார் நிப்பாட்டுவார்கள் என்றேன். மெயினை இறக்குகிற பழக்கம் தன்னால் வந்தது, பையன் என்ன செய்வான் என்றார். பழக்கத்துக்கு நான் கோபப்படவில்லை. பயத்தில் வந்த பழக்கம், கை தானாகப் போகும், தனி லைன் போட்டால் தீர்ந்தது. தெரிந்த பிறகு மூடி வைத்தானே, அதை உங்கள் குடும்பத்தில் யார் பழக்கினார்கள் என்று கேட்டேன். எழுந்து போய்ப் பசை டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தவர் அவர்தான்.

நீ செய்யவேண்டியது என்னவென்று உனக்கே தெரியும், ஆனால் உனக்குத் தெரிந்ததை நம்பி நான் ஒருமுறை ஏமாந்தாகிவிட்டது. கடையை மூடு. போனில் கிடைக்கிறவர்களுக்கு உடனே சொல்லு, கிடைக்காதவர்கள் வீட்டுக்கு நடந்து போ. மாடி ஏறு, மணி அடி, முகத்தைப் பார்த்துச் சொல்லு. அந்த முகங்கள் சுருங்கும். சிலர் திட்டுவார்கள், சிலர் அடிக்கவும் வரலாம், வாங்கிக்கொள். கன்னியம்மா வீட்டுக்கு முதலில் போ, வெறுங்கையோடு போ. மருந்து ஆய்வாளருக்கு நான் எழுதிப் போட்டுவிட்டேன். அவர் வந்து கேட்கும்போது ஒதுக்கிவைத்த சரக்கைக் காட்டு, என்னிடம் சொன்ன மாதிரி கூலிங் நிற்கும் என்று அவரிடம் சொல்லிப் பார். தி.நகருக்கு நான் வரமாட்டேன். நீ இதைச் செய்து முடிக்கிறவரைக்கும் சைதாப்பேட்டைக்கு நீயும் வராதே. உன்னைப் பார்க்க எனக்கு இப்போது பிடிக்கவில்லை. வேண்டாத பிள்ளையாக இருந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது என்பதையும் தெரிந்துகொள்.

உன்னோடு பேச்சு இவ்வளவுதான். மிச்சம் கண்ணாடிக்கு வெளியே நின்று படிக்கிறவர்களுக்கு.

ஐயா, அம்மா, இந்தக் கடையில் இன்சுலின் வாங்கினவர்கள் கவனமாகப் படியுங்கள். இங்கே முன்பு விற்ற மருந்து சூட்டில் கிடந்து வீரியம் குறைந்தது. இப்போது விற்பது நல்ல மருந்து. பயந்துபோய் ஊசியை நிறுத்திவிடாதீர்கள், அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். வீட்டில் இருக்கிற மருந்தை எடுத்துக்கொண்டு இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் போய், இங்கே எழுதியிருப்பதைச் சொல்லி, எவ்வளவு போடவேண்டும் என்று கேளுங்கள். அதற்குள் கை நடுங்கினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, கண் இருட்டினாலோ உடனே சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் இந்தக் கடையில் மருந்து வாங்குவதைப் பார்த்தவர்கள் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். இன்னொன்று. இவ்வளவு நாள் உங்களுக்குச் சர்க்கரை ஏறியதற்கு நீங்கள் திருட்டுத்தனமாகத் தின்றது காரணமில்லை. இந்தக் கடைதான் காரணம். உங்களை வாயைக் கட்டு என்று திட்டியவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், கையோடு கூட்டிவந்து இந்தக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரனின் அம்மா